பெயர் சொல்லாமல் வைத்த ஜெபக்குறிப்பு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் சபையில் பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். ஒத்தக்கடையில் புதுவீடுகள் எழும்பிய பக்கம், ஒரு மாடியில் தகரக் கூரை போட்ட சின்னச் சபை. பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம். பாட்டு முடிந்ததும் ஒவ்வொருவராக ஜெபக்குறிப்பு சொல்வார்கள். மகனுக்கு வேலை, மருமகளுக்குக் குழந்தை, மாமனாருக்குச் சர்க்கரைப் புண். நான் அவற்றை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆனாலும் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று பாஸ்டரின் மனைவி அந்த நோட்டை என்னிடம் கொடுத்திருந்தார். அதில் எனக்குப் பெருமை இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

வெளியே சொல்லக் கூசுகிற காரியம் என்றால் "ஒரு சகோதரி" என்று ஆரம்பிப்போம். ஒரு சகோதரியின் வீட்டுக்காரர் குடிக்கிறார். ஒரு சகோதரியின் மகள் யாரோடோ போனில் பேசுகிறாள். பெயரைச் சொல்லாவிட்டால் அது புறணி இல்லை, ஜெபம். இப்படி ஒரு சட்டத்தை யாரும் போடவில்லை. ஆனால் எல்லோரும் அதற்குள்தான் இருந்தோம். அந்தச் சகோதரி யாரென்று, கூட்டம் முடிந்து செருப்பு மாட்டுவதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

என் தோழியை நான் அப்படித்தான் காட்டிக்கொடுத்தேன்.

நாங்கள் இருவரும் நைட்டி தைக்கிற ஒரு யூனிட்டில் பக்கத்துப் பக்கத்து மிஷின். அவள் கை பொருத்துவாள், நான் கழுத்துப் பட்டி அடிப்பேன். அவளுக்குச் சொந்த ஊர் பேரையூர்ப் பக்கம். அப்பா அம்மா இல்லை, ஒரு அண்ணன் மட்டும் அங்கே கரிசல் காட்டில் பருத்தி போட்டுக்கொண்டிருந்தார். ஒத்தக்கடைக்கு வாழ வந்தவள். அவள் புருஷன் ஒரு கல்லூரிக்குப் பஸ் ஓட்டினார். எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை பாட்டு நடத்துவது அவர்தான். கண்ணை மூடி அவர் பாட ஆரம்பித்தால் பாதிப் பேர் அழுதுவிடுவார்கள். நானும் அழுதிருக்கிறேன்.

அவளும் எங்கள் சபை என்று தெரிந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. சிநேகிதத்தைப் பற்றிச் சபையில் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். விசுவாசத்தில் ஒன்றாக இருப்பவர்களைத் தேர்ந்துகொள், ஜெபிக்கிறவர்களோடு சேர், உலகத்தாரோடு அளவோடு இரு. அந்த அளவுகோலில் அவள் சரியாகப் பொருந்தினாள். அவளுக்கு நானும் பொருந்தினேன். தேர்ந்தெடுக்க வேறென்ன வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

நான் பயந்த சுபாவம். எட்டாவது அரைப்பரீட்சையில் கணக்குக் கேள்வித்தாளைப் பார்த்ததும் மயங்கி விழுந்தேன். "போதும்டி, நீ படிச்சுக் கிழிச்சது, தையலுக்குப் போ" என்று அம்மா அதோடு நிறுத்திவிட்டார். இன்றைக்கும் வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரை வந்து, திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். தோழி இதை வைத்து என்னை ஓட்டாத நாள் கிடையாது.

"நீ செத்தாலும் பொட்டிக்குள்ள இருந்து எந்திரிச்சு, சிலிண்டர அடைச்சாச்சான்னு கேப்படி."

"ஏன், கேட்டா என்ன? அடைக்காம விட்டா அடக்கத்துக்கு வந்தவுகளும் சேந்துல்ல போவாக."

யூனிட்டே சிரிக்கும். செக்கிங் மேஜையில் இருக்கும் அக்கா மட்டும் சிரிக்க மாட்டார். தைத்து முடித்த துணியில் நூல் பிசிறு வெட்டி, தையல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. சௌராஷ்டிரக்காரர். நெற்றியில் பெரிய குங்குமம். வீட்டிலிருந்து போன் வந்தால் அவர்கள் பாஷையில் படபடவென்று பேசிவிட்டு வைப்பார். கோணல் தையலைத் தூக்கி மூஞ்சியில் அடிக்கிற மாதிரிப் போடுவார். அவரோடு யாரும் ஒட்டுவதில்லை. நான் இன்னும் தள்ளியே இருந்தேன். தோழிதான் அவர்கள் பாஷையில் "சாப்பிட்டாச்சா" என்று கேட்கக் கற்றுக்கொண்டு, தினம் ஒரு விதமாகத் தப்பாகக் கேட்பாள். "வாய மூடிட்டுக் கைய ஒழுங்காப் பொருத்து" என்பார் அக்கா.

சிரிப்புக்காரிதான் அவள். ஆனால் முழங்கைக்கு மேலே நைட்டித் துணி போலப் பூப்பூவாகக் கன்றிப் போயிருக்கும். கதவு இடித்தது என்பாள். கட்டில் கால் என்பாள். எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. தெரிந்துகொண்டு கேட்காமல் இருந்தேன், கேட்டால் அவள் சொல்லிவிடுவாளே என்று.

ஒரு புதன்கிழமை மத்தியானச் சாப்பாட்டில் சொல்லிவிட்டாள்.

"சனிக்கிழம கெளம்புறேன். அண்ணன் வரச் சொல்லிட்டான். பிள்ளையக் கூட்டிட்டு ஊருக்குப் போயிருதேன்."

பிசைந்த சோற்றை டப்பாவிலேயே விட்டேன். "அவரு?"

"அன்னைக்கு அவருக்கு டூர் டூட்டி. விடியக்காலம் போனா மறுநாதான் வருவாரு. அதான் சனிக்கிழம."

"கொஞ்சம் பொறுத்துப் பாரேன். ஜெபம் பண்ணுவோம்."

"ஏழு வருசமாப் பண்றேன். போன வாரம் பிள்ளைய அடிச்சிட்டாரு. என்னைய அடிச்சதுக்கெல்லாம் பொறுத்தேன். இனிமே என்னால ஆகாது." சோற்று டப்பாவை மூடினாள். "ஒனக்கு ரெண்டே ரெண்டு வேல. பிள்ளையோட சர்டிபிகேட்டு, துணிமணி எல்லாம் ஒரு பையில போட்டுத் தாரேன். ஒன் வீட்டுல வச்சிரு. சனிக்கிழம பத்து மணிக்கு மாட்டுத்தாவணிக்குக் கொண்டு வா. ராஜபாளையம் பஸ்ஸு நிக்கிற எடத்துல நிப்பேன். கல்லுப்பட்டி வரைக்கும் கூட வந்துரு. அங்க அண்ணன் வண்டியோட நிப்பான். அம்புட்டுத்தான்."

"சரி" என்றேன்.

"யார்ட்டயும் சொல்லிராத."

"நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?"

மறுநாள் அந்தப் பை என் வீட்டுக்கு வந்தது. என் வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் வேலை, மாதம் ஒரு முறை வருவார். அதனால் கேட்க ஆள் இல்லை. பையை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன். பிறகு பீரோவுக்குள் வைத்தேன். பிறகு கட்டிலுக்கு அடியில். எங்கே வைத்தாலும் அது தெரிந்தது. அந்த ஆள் வந்து கதவைத் தட்டினால் என்ன செய்வது? போலீஸ் வந்தால்? பஸ்ஸில் பிள்ளைக்கு வாந்தி வந்தால்? அண்ணன் வராவிட்டால்? எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்று கிடந்தது. தேவன் இணைத்ததைப் பிரிக்க நான் பை தூக்கிக்கொண்டு போகிறேனோ? அவள் போவது பாவமா என்று நான் யோசிக்கவில்லை. நான் மாட்டிக்கொள்வேனா என்றுதான் யோசித்தேன், அதற்குப் பாவம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். இது இப்போது தெரிகிறது.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்குத் தோழி வருவதில்லை. அந்த நேரம் அவள் வீட்டில் சோறு தயாராக இருக்க வேண்டும். நான் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு மற்றவர்கள் சொன்னதை எழுதினேன். கடைசியில் பாஸ்டரம்மா வழக்கம் போல, "ஒங்களுக்கு எதுவும் இருக்காம்மா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு எவ்வளவு நேரமாகியிருக்கும்?

"ஒரு சகோதரி இருக்காங்க" என்றேன். "புருஷன் கை நீட்டுறாரு. அந்தச் சகோதரி நல்லபடியாப் போய்ச் சேரணும். அதுக்காக ஜெபிச்சுக்கங்க."

பாஸ்டரம்மா நிமிர்ந்தார். "போய்ச் சேரணும்னா? எங்க போறாங்க?"

"அவங்க ஊருக்கு."

"வீட்ட விட்டா?"

நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பிள்ளைங்க இருக்கா?"

"ஒரு பொண்ணு."

"எப்பம்மா போறாங்க?"

கேள்வி கேட்டால் பதில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எழுந்து நிற்க வேண்டும் என்ற பயம் வகுப்பறையோடு எனக்குப் போகவில்லை.

"நாளைக்கு."

பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஒரு அம்மா நாக்கைச் சப்புக் கொட்டினார். "பாவம். எம்புட்டு நல்லாப் பாடுறாரு."

யாரும் யார் பெயரையும் சொல்லவில்லை. எல்லோரும் முழங்கால் போட்டோம். அவள் நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்று நான் கேட்டிருந்தேன். அந்தக் குடும்பம் பிரியக் கூடாது, பிசாசின் கிரியை அழிய வேண்டும் என்று அவர்கள் ஜெபித்தார்கள். ஒவ்வொரு ஜெபத்துக்கும் நானும் ஆமென் சொன்னேன். வீட்டுக்கு வரும்போது மனது லேசாக இருந்தது. பாரத்தை இறக்கி வைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை பையை எடுத்துக்கொண்டு மாட்டுத்தாவணிக்குப் போனேன். பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பிப் போனதில் பத்து நிமிடம் தாமதம். ராஜபாளையம் பஸ் நிற்கிற இடத்தில் கூட்டமாக இருந்தது. முதலில் பாஸ்டரம்மாவின் வெள்ளைச் சேலைதான் கண்ணில் பட்டது. பக்கத்தில் சபை மூப்பர்கள் இரண்டு பேர். நடுவில் என் தோழி. டூர் போக வேண்டிய அவள் புருஷன் மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். யாரும் சத்தம் போடவில்லை. பாஸ்டரம்மா அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பார்க்கிறவர்களுக்கு ஏதோ ஒரு குடும்பம் ஊருக்கு அனுப்பி வைக்க வந்திருக்கிறது என்றுதான் தோன்றும்.

திரும்பி ஓடியிருப்பேன். அதற்குள் மூப்பரில் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டார். முகம் மலர வந்து என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

"குடும்மா. சரியான நேரத்துல சொன்ன. ஒரு குடும்பத்தக் காப்பாத்திட்ட. நீயில்ல நல்ல சிநேகிதி!"

அது தோழியின் காதில் விழுந்தது. அப்போது அவளுக்கு இரண்டு காதும் கேட்டது. என்னைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். திட்டவில்லை, அழவில்லை. புருஷன் பக்கம் திரும்பி, "பிள்ளைய எறக்கி விடுங்க, நடந்து வருவா" என்றாள்.

அவர்கள் வீட்டுக்கு எல்லோருமாகப் போனோம். என்னையும் வரச் சொன்னார்கள். இருவரையும் முழங்கால் போட வைத்து, கையைச் சேர்த்துப் பிடித்து ஜெபித்தார்கள். அவர் தேம்பித் தேம்பி அழுதார். அவள் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டார். பெண்கள் எல்லோரும் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். அது நடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அந்த நேரத்துக்கு அவர் உண்மையாகவே அழுதார் என்றுதான் நினைக்கிறேன், அதுதான் பயமாக இருக்கிறது. பிறகு தோழியே எழுந்து போய்க் கேசரி கிண்டினாள். ஒரு தட்டை என் முன்னாலும் வைத்தாள். சாப்பிட்டேன்.

மறுநாள் ஆராதனையில் பாஸ்டர், பிரிய இருந்த ஒரு குடும்பத்தைக் கர்த்தர் இணைத்தார் என்று சாட்சியாகச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். அதற்குப் பிறகு அவள் புருஷன் பாடினார்.

இரண்டு வாரம் கழித்து அவள் தலையைச் சுற்றித் துப்பட்டா கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தாள். இடது காதில் பஞ்சு. குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று சூப்பர்வைசரிடம் சொன்னாள். செவிப்பறை கிழிந்துவிட்டது, இனி அந்தப் பக்கம் கேட்காது என்று டாக்டர் சொன்னதாக வேறு யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அவள் மிஷினை மாற்றிக் கேட்டு, செக்கிங் மேஜைப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நான் நான்கு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் தண்ணீர்க் குழாயடியில் பிடித்தேன்.

"நான் பேரே சொல்லலடி. ஜெபத்துக்குத்தான் சொன்னேன். சத்தியமா."

கேட்கிற காதை என் பக்கம் திருப்பினாள். அந்தத் திருப்பல் அவளுக்கு அதற்குள் பழகியிருந்தது.

"நீ ஆண்டவர்ட்ட மட்டும் சொல்லியிருந்தா, அவரு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து என்னைய இழுத்துட்டுப் போயிருக்க மாட்டாரு."

"பயந்துட்டேன்."

"நான் பயப்படலன்னு நெனச்சியா?" பாட்டிலை மூடினாள். "ஒனக்குப் பயம்னா என்கிட்ட வந்து பயமாருக்குன்னு சொல்லியிருக்கலாம்ல. நான் தனியாவே போயிருப்பேனே."

தன் மிஷினுக்குத் திரும்பிப் போனாள். நடக்க முடியாத ஒரு திமிர்வாதக்காரனை ஆண்டவரிடம் கொண்டுபோக நாலு பேர் கூரையைப் பிரித்துக் கட்டிலோடு இறக்கினார்களே, அவர்களைப் பற்றி அந்த வாரம் பாஸ்டர் பேசினார். நான் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். கட்டிலின் நாலு மூலையையும் நாலு பேர் பிடித்திருந்தார்கள். பாரமாக இருக்கிறது என்று எவனாவது ஒருவன் வழியில் போகிறவனிடம் தன் மூலையைக் கொடுத்திருந்தால் கட்டில் எங்கே போயிருக்கும்? ஜெபக்குறிப்பு நோட்டைப் பாஸ்டரம்மாவிடம் திருப்பிக் கொடுத்தேன். தைத்துத் தைத்துக் கை வலிக்கிறது என்றேன். உண்மைக் காரணத்தைச் சொல்ல அப்போதும் தைரியம் வரவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைத்தோம் என்றே அவர் நம்பினார். பஞ்சு வைத்த காதை அவரும் பார்த்தார், குளியலறையை நம்பினார்.

மழைக்காலம் முடிந்த சமயம், ஒரு திங்கட்கிழமை அவள் வேலைக்கு வரவில்லை. மகளும் பள்ளிக்குப் போகவில்லை. அவள் புருஷன் நேராகப் பேரையூருக்குப் போய் அண்ணன் சட்டையைப் பிடித்தாராம். அவள் அங்கே இல்லை. யூனிட் வாசலில் வந்து நின்று ஒவ்வொருவராகக் கேட்டார். என்னிடம் இரண்டு முறை கேட்டார். உண்மையிலேயே எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாமல் போனாள் என்பதில் முதலில் வலித்தது. அப்புறம்தான் உறைத்தது, எனக்குத் தெரியாததால்தான் அவளால் போக முடிந்தது.

யூனிட் முழுக்க அதே பேச்சு. "எவங்கூடயோ போயிட்டாளாம்ல" என்றுகூட ஒருத்தி சொன்னாள். செக்கிங் அக்கா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. தன் மேஜைக்குப் பக்கத்து மிஷின் காலியாகக் கிடப்பதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் இருக்கிற இடம் இவருக்குத் தெரியும் என்று அதை வைத்துத்தான் எனக்குப் புரிந்தது.

துணிக் கட்டைக் கொண்டுபோய் மேஜையில் வைக்கிற சாக்கில் குனிந்து கேட்டேன். "அக்கா, அவ நல்லாருக்காளா?"

"எவ?"

"அதான் அக்கா..."

அவர் ஒரு நைட்டியை எடுத்து விரித்தார். "இந்தக் கழுத்துப் பட்டியப் பாரு. கோணிக்கிட்டு நிக்குது. பிரிச்சு அடிச்சிட்டு வா."

"ஒரே ஒரு வார்த்த சொல்லுங்கக்கா. நல்லாருக்காளான்னு மட்டும்."

கத்திரிக்கோலைக் கீழே வைத்தார். முதன்முறையாக என்னை நேராகப் பார்த்தார். "ஒனக்கு என்னத்துக்கு? இதையும் சாமிகிட்டப் போயி சொல்லணுமா?"

பட்டியைப் பிரித்துக்கொண்டு என் இடத்துக்கு வந்தேன். வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிக்கொண்டு போன அந்நியன் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வந்திருக்கிறேன். அந்த அந்நியனுக்கு நெற்றியில் குங்குமம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. எந்தச் சந்தில், யார் வீட்டில், அவர்கள் பாஷை பேசுகிற எந்தச் சொந்தக்காரர்களுக்கு நடுவில் அவளையும் பிள்ளையையும் வைத்திருந்தார் என்று நான் அதற்குப் பிறகு கேட்கவில்லை. சபை சொன்ன அளவுகோலில் அந்த அக்கா வரவே மாட்டார். நான் முதல் ஆளாக வந்திருந்தேன்.

அடுத்த மாதம் சபையில் ஒரு கல்யாணம். மேடை அலங்காரத்துக்குச் சம்பங்கியும் ரோஜாவும் வாங்க விடிந்ததும் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போனேன். வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வழியாக வந்தபோது, வெளியூர் பஸ்கள் நிற்கிற பக்கம் அவள் நின்றாள். ஒரு கையில் மகள், காலடியில் ஒரு பெரிய பை. மெலிந்திருந்தாள்.

பக்கத்தில் போய்க் கூப்பிட்டேன். திரும்பவில்லை. நான் நின்றது இடது பக்கம் என்று அப்புறம்தான் நினைவு வந்தது. சுற்றிக்கொண்டு முன்னால் வந்தேன்.

அவள் முகத்தில் அப்போது வந்ததை என்னால் மறக்க முடியவில்லை. கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அது பயம். அவள் புருஷன் யூனிட் வாசலில் வந்து நிற்கும்போது அவள் முகத்தில் வருமே, அதே பயம். பிள்ளையைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். எனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று எட்டிப் பார்த்தாள்.

"யாரும் இல்லடி. நான் மட்டும்தான். பூ வாங்க வந்தேன்."

அவள் நம்பவில்லை. பூக்கூடையைப் பார்த்தாள், என் கையில் போன் இருக்கிறதா என்று பார்த்தாள்.

"நீ என்னையப் பாக்கல" என்றாள்.

"பாக்கல."

"யார்ட்டயும் பாத்தேன்னு சொல்லக் கூடாது. ஜெபத்துலயும் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

"எனக்காக நீ ஜெபமே பண்ண வேணாம்."

மன்னிப்புக் கேட்க எத்தனையோ முறை மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை. பஸ் ஒன்று உறுமிக்கொண்டு பின்னால் வந்தது. அவள் குனிந்து பையைத் தூக்கினாள். நான் தூக்கித் தருகிறேன் என்று கையை நீட்டினேன். பையை வெடுக்கென்று அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டாள்.

நான் திரும்பி நின்றுகொண்டேன். எந்த ஊர் பஸ் என்று பார்க்கவில்லை. தெரிந்தால் சொல்லிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். கண்டக்டர் ஊர் பெயரைக் கூவ ஆரம்பித்ததும் கூடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு காதையும் பொத்தினேன். பூக்காரர் ஒருவர் என்னைப் பைத்தியம் போலப் பார்த்துக்கொண்டு போனார். கையை எடுத்தபோது பஸ் போயிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு அவள் புருஷனும் வந்திருந்தார். பெண்கள் கூட்டத்துக்கு ஆண்கள் வருவதில்லை. ஆனால் வேலைக்குக்கூடப் போகாமல் தாடி வளர்த்துக்கொண்டு திரிந்தவரைப் பாஸ்டரம்மாதான் அழைத்து உட்கார வைத்திருந்தார். தலையைக் குனிந்து அழுதுகொண்டிருந்தார். மாட்டுத்தாவணியில் அவள் மாதிரி ஒருத்தியைப் பார்த்ததாக யாரோ சொன்னார்களாம்.

பாஸ்டரம்மா என் பக்கம் திரும்பினார். "கல்யாணப் பூ வாங்க நீதான போன? அவ கண்ணுல பட்டாளா?"

"பாக்கல" என்றேன்.

சபைக்குள், முழங்கால் போடுகிற பாயில் உட்கார்ந்துகொண்டு சொன்ன பொய்.

"சரி. நீதான் அவளுக்கு உயிரு. நீயே ஜெபி. மனந்திரும்பி வீட்டுக்கு வரணும்னு ஜெபி."

எல்லோரும் கண்ணை மூடினார்கள். அவர் அழுகை நின்றது. நான் வாயைத் திறந்தேன். நீண்ட நேரம் சத்தம் வரவில்லை. பாரம் தாங்காமல் தவிக்கிறேன் என்று நினைத்து யாரோ ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்றார்கள். தனக்காக ஜெபிக்கவே வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தாள். ஜெபிக்கவும் முடியவில்லை, ஜெபிக்காமல் எழுந்திருக்கவும் முடியவில்லை.

"ஆண்டவரே" என்றேன். "அவளும் பிள்ளையும் எங்க இருந்தாலும் பத்திரமா இருக்கணும். ஆமென்."

பெண்கள் இன்னும் கண் திறக்கவில்லை. மீதி வரும் என்று காத்திருந்தார்கள். மீதி வரவில்லை. பாஸ்டரம்மா மெல்ல இருமிவிட்டு, விட்டுப் போனதைத் தானே சேர்த்து ஜெபித்து முடித்தார். இந்த முறை நான் ஆமென் சொல்லவில்லை. கண்ணைத் திறந்தபோது அவள் புருஷன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாடிப்படியில் இறங்கும்போது பின்னாலேயே வந்தார்.

"சிஸ்டர். ஜெபத்துல ஒண்ண விட்டுட்டீங்க."

"என்ன பிரதர்?"

"அவ திரும்பி வரணும்னு சொல்லல."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"மறந்துட்டேன்."

"மறந்துட்டீங்களா?" சிரித்தார். பாடும்போது சிரிக்கிற அதே சிரிப்பு. "பரவால்ல. ஞாபகம் வரும்போது சொல்லுங்க. நான் எங்க போயிரப் போறேன்?"

அவர் எங்கேயும் போகவில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் யூனிட் எதிரில் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். நான் வெளியே வந்ததும் எழுந்து, "என்ன சிஸ்டர், ஞாபகம் வந்துச்சா?" என்கிறார். தோழி எங்கே இருக்கிறாள் என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. அதனால்தான் இதை எழுத முடிகிறது. அந்த அக்காவும் இப்போது அந்த யூனிட்டில் இல்லை. பார்த்தேன் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும், அதை மட்டும்தான் நான் மறைத்தேன். அந்தப் பொய்க்காக இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவும் போவதில்லை.

"வரல பிரதர்" என்று சொல்லிவிட்டு ஒத்தக்கடை பஸ் ஸ்டாப்புக்கு நடக்கிறேன். பயம் போகவில்லை.